மாப்பிள்ளையின் சம்பளம்

சித்தப்பாவின் சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதப் பொட்டலம் நழுவி விழுந்ததும் நோட்டக்காவுக்குப் பகீரென்றது.

தரையில் பட்டுப் பொட்டலம் பிரிந்தது. உள்ளே வேகவைத்த மீன். முள்ளெல்லாம் எடுத்து, பச்சைக் குழந்தைக்கு ஊட்டுவதுபோல் விரல்நுனி அளவுக்குப் பிய்த்து வைத்த மீன்.

"என்ன சித்தப்பா இது?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கு உட்கார்ந்து முள் எடுப்பாங்களா?"

சித்தப்பா குனிந்து மீனை அவசர அவசரமாக அள்ளிப் பொட்டலத்தில் போட்டுக்கொண்டார். அவள் கண்ணைப் பார்க்கவில்லை. பத்தொன்பது வருடமாக யார் கண்ணையும் நேராகப் பார்த்துக் கிண்டல் அடிக்கிற மனிதர், இன்று தரையைப் பார்த்தார்.

அவர் அவளுக்கு மட்டும் சித்தப்பா இல்லை. விமான நிலையச் சரக்குக் கூடத்தின் பின்பக்கம் இருக்கிறது மோப்ப நாய்ப் பிரிவு. அங்கே பதினோரு நாய்கள், பதினோரு பயிற்சியாளர்கள். எல்லாருக்கும் அவர் சித்தப்பா. நாய்களுக்குச் சமைப்பது அவர் வேலை. "மனுஷனுக்குச் சமைச்சா உப்பு கம்மின்னு திட்டுவான். இதுங்க தட்டையும் சேர்த்து நக்கும்" என்று பெருமையடித்துக் கொள்வார்.

எதையும் நோட்டில் எழுதாமல் விடமாட்டாள் என்பதால் அவளுக்கு நோட்டக்கா என்று பெயர். நாய் தும்மினாலும் எழுதுவாள். நேரம் போட்டு எழுதுவாள்.

அவளுடைய நாய்க்குப் பதிவேட்டில் எண் பதினான்கு. கூப்பிடுவது மாப்பிள்ளை. வெளிர் மஞ்சள் லேப்ரடார். ஐந்து வருடத்துக்கு முன் இங்கே வந்த அன்றே தட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பி, படுக்கையை மோந்து முறைத்து, யாராவது வந்து கெஞ்சட்டும் என்று மூலையில் போய் உட்கார்ந்தான். "மாப்பிள்ளை முறுக்கைப் பாரு!" என்றார் சித்தப்பா. பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த மாப்பிள்ளை ஆறு மாதமாகக் காலை நக்கிக்கொண்டிருந்தான்.

முதலில் வலது முன்னங்கால். பிறகு இடது. விரலிடுக்கெல்லாம் சிவந்து, முடி கொட்டி, நடந்தால் நொண்டி. உதட்டிலும் தாடையிலும் குருணை குருணையாகப் பொரிப்பொரியாய்க் கிளம்பியது. களிம்பு தடவினால் அடங்கும், நிறுத்தினால் பழையபடி எகிறும். மாத்திரைக்கும் அதே கதைதான். கடைசியில் பிரிவின் டாக்டரம்மா, "இது ஒவ்வாமை. எதுக்குன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் மருந்தெல்லாம் ஒட்டுப் போடற வேலைதான்" என்று சொல்லி எட்டு வாரச் சோதனையை ஆரம்பித்தார்.

விதிகள் கறார். மருத்துவமனையிலிருந்து முத்திரை வைத்து வரும் தீனியைத் தவிர ஒரு பருக்கை வாயில் போகக் கூடாது. தட்டு எவர்சில்வராக இருக்க வேண்டும். தரையை வெறும் வெந்நீரால் கழுவ வேண்டும், வாசனை மருந்து கிட்டவே வரக் கூடாது. ஒவ்வொரு முறை வெளியே போய் வந்ததும் நான்கு பாதத்தையும் வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, விரலிடுக்கைக் காகிதத்தால் ஒற்றி எடுக்க வேண்டும். "ஈரம் நிக்கவே கூடாது. ஈரம் நின்னா ஒவ்வாமை இல்லாத நாய்க்கே அரிக்கும்."

எட்டு வாரம் முடிந்ததும் சூப்பிரண்டு முன்னிலையில் பரிசோதனை. கால் சரியாகவில்லை என்றால் மாப்பிள்ளைக்கு ஓய்வு. ஓய்வு என்றால் தத்தெடுக்க வரிசையில் காத்திருக்கும் யாரோ ஒருவர் வீட்டுக்கு, எங்கோ ஒரு ஊருக்கு. நோட்டக்கா குடியிருக்கும் அடுக்குமாடியில் நாய்க்கு இடமில்லை. அவளுக்குப் புதிதாக ஒரு குட்டி வரும். பதிவேட்டில் பதினான்குக்கு நேராகச் சிவப்புக் கோடு விழும். அவ்வளவுதான்.

அன்று முப்பத்தோராம் நாள். கால் ஆறியபாடில்லை. சித்தப்பா பையில் மீன்.

"மாப்பிள்ளைக்குக் கொடுத்தீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப யாருக்கு?"

சித்தப்பா விரலில் ஒட்டிய மீனைச் சட்டையில் துடைத்தார்.

"நீங்க சாப்பிடவா?"

அதற்கு ஆமாம் என்றாவது தலையாட்டியிருக்கலாம். அந்தப் பொய்கூட வரவில்லை. பொட்டலத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கினார்.

"அஞ்சு வருஷமா அவன் என் நிழல் சித்தப்பா. இது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே செஞ்சிருக்கீங்களே!"

"எழுதிக்கோம்மா" என்றார் சித்தப்பா மெதுவாக. "நீ எழுதாம விடமாட்டே."

எழுதினாள். நேரம் போட்டு எழுதினாள். அந்தப் பக்கத்தைச் சூப்பிரண்டு மேசையில் வைத்தாள். மறுநாள் காலை சித்தப்பாவைச் சரக்கு வாசலுக்கு மாற்றிவிட்டார்கள், லாரி நம்பர் எழுதுகிற வேலைக்கு. அடுப்படியில் ஒப்பந்த ஆள் வந்து நின்றான். சித்தப்பா கரண்டியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். மற்ற பயிற்சியாளர்கள் யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் வாஷிங் மெஷின் முன்னால் உட்கார்ந்து சின்ன டவல் ஒன்றை முகத்தில் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதுதான் மாப்பிள்ளையின் சம்பளம். கெட்டியாகச் சுருட்டி, நடுவில் முடிச்சுப் போட்ட பழைய டவல். பெட்டிகளுக்கு நடுவே ஒளித்து வைத்த போதைப் பொருளைக் கண்டுபிடித்துவிட்டால் மாப்பிள்ளை குரைக்க மாட்டான், அதன் முன்னால் சப்பென்று உட்கார்ந்துவிடுவான். உட்கார்ந்ததும் டவல் பறந்து வரும். அதைப் பிடித்து, கடித்து, உதறி, புரண்டு எழுவதுதான் அவனுக்குச் சொர்க்கம். தீனி காட்டி வேலை வாங்குவது இந்தப் பிரிவில் கிடையாது. டவல் எப்போதும் பயிற்சியாளர் இடுப்புப் பையில்தான் இருக்கும். வேறு யார் கொடுத்தாலும் மாப்பிள்ளை வாங்க மாட்டான்.

பேருந்து ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் கேட்டார். "அதைத்தான் நேத்தும் துவைச்சே?"

"தினமும் துவைக்கறேன். டாக்டரம்மா சுத்தம் சுத்தம்னு சொல்றாங்க." நீல பாட்டிலின் மூடியில் வாசனைத் திரவத்தை ஊற்றி, இன்னும் அரை மூடி சேர்த்து மெஷினில் விட்டாள். "அவன் உதடு புண்ணாக் கிடக்கு. துணி மெத்துனு இருந்தாத்தான் உரசாது."

"எனக்கும் உதடு இருக்கு. என் கைக்குட்டை அட்டை மாதிரி விறைச்சு நிக்குது."

"உங்களுக்கு என்ன, கால்ல புண்ணா?"

"புண்ணு வந்தாத்தான் கவனிப்பேன்னா சொல்லு, நானும் நக்க ஆரம்பிக்கறேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "சித்தப்பா ஏன் வாயே திறக்கலை?" என்றாள்.

"திறந்தா ஏதாவது ஓடிப்போயிடும்னு பயந்தாரோ என்னவோ" என்றார் வீட்டுக்காரர், பாதித் தூக்கத்தில்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார்.

சித்தப்பா போய்விட்டார், மீன் போய்விட்டது. இனிமேல் ஆறிவிடும் என்று நோட்டக்கா நாளை எண்ணினாள். ஆறவில்லை. அதிகமானது.

அந்த வாரம் சரக்குக் கூடத்தில் நான்கு பிடி. ஒரே வாரத்தில் நான்கு! ஒரு சோபாவின் கால், ஒரு தையல் மெஷின் பெட்டி, இரண்டு பொம்மை மூட்டை. நான்கு முறையும் மாப்பிள்ளை நொண்டி நொண்டிப் போய் உட்கார்ந்தான். எல்லாரும் கைதட்டினார்கள். சனிக்கிழமை காலை கூண்டைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முன்னங்கால் இரண்டிலும் விரலிடுக்கில் ரத்தம். விரிப்பெல்லாம் செம்புள்ளி. கழுத்துக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் புனலை எப்படியோ வளைத்து நக்கியிருந்தான். அவளைப் பார்த்ததும் வாலை ஆட்டினான், அந்த நிலையிலும்.

டாக்டரம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தார்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிபடலை. பின்னங்காலைப் பாரு."

பார்த்தாள். பின்னங்கால் இரண்டும் கழுவி வைத்த மாதிரி சுத்தமாக இருந்தன.

"புல்லு, தரை, தூசுன்னா நாலு காலும்தானே மிதிக்குது? இவனுக்கு முன்னங்கால், உதடு, தாடை. அதோட நிக்குது. தீனின்னா காது, வயிறு எல்லாம் சேர்ந்து கச்சேரி பண்ணும். அதுவும் இல்லை."

"மீன்…"

"மீன் போய் பத்து நாளாச்சு. இப்ப ஏறியிருக்கே?" டாக்டரம்மா எழுந்து கையைத் துடைத்தார். "வேற எதையாவது எழுதாம விட்டிருக்கியா?"

அந்தக் கேள்வி அவளைச் சுட்டது. எழுதாமல் விடுவதா? அவளா? "எல்லாம் இருக்கு டாக்டர். ஸ்டோர் அறைக்குப் பின்னால போனா நகரமாட்டேங்கிறான், சப்புனு உட்கார்ந்துக்கறான். அந்தப் பிடிவாதத்தைக்கூட எழுதியிருக்கேன், ஏழு தடவை."

"முறுக்கு குறையலைன்னு சொல்லு" என்றார் டாக்டரம்மா. சிரிக்கவில்லை.

ஐம்பத்தாறாம் நாள் வந்தது.

காலிச் சரக்கு அறையில் இருபது பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி. சூப்பிரண்டு பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டே உட்கார்ந்தார், ஏற்கெனவே முடிவெடுத்தவர் உட்காருகிற மாதிரி. மேசையில் இரண்டு நோட்டு. ஒன்று மாப்பிள்ளையின் உடம்பு நோட்டு. இன்னொன்று வேலை நோட்டு, எந்தத் தேதியில் எதைப் பிடித்தான் என்ற விவரம். இரண்டையும் நோட்டக்காதான் எழுதினாள். ஆனால் உடம்பு நோட்டு டாக்டரம்மாவுக்குப் போகும், வேலை நோட்டு சூப்பிரண்டுக்குப் போகும். இரண்டும் ஒரே மேசைக்கு வந்தது அன்றுதான் முதல் தடவை.

"நடக்கவே கஷ்டப்படறானேம்மா" என்றார் சூப்பிரண்டு.

"மூக்கு நடக்குது சார். பாருங்க."

மாப்பிள்ளையை விட்டாள். முதல் வரிசை, இரண்டாம் வரிசை. பதினேழாவது பெட்டியைத் தாண்டியவன் சடக்கென்று திரும்பினான். மோந்தான். உட்கார்ந்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"அடேயப்பா" என்றார் சூப்பிரண்டு, தன்னை மறந்து.

நோட்டக்கா இடுப்புப் பையிலிருந்து டவலை உருவி வீசினாள். மாப்பிள்ளை எம்பிப் பிடித்தான். படுத்தான். இரண்டு முன்னங்காலாலும் அதை இறுகக் கட்டிக்கொண்டு, விரல்களை விரித்து அழுத்தி, தாடையை அதன்மேல் தேய்த்துத் தேய்த்து, உதட்டால் கவ்விக் கவ்வி மென்றான். எச்சில் வழிந்து டவலை நனைத்து விரலிடுக்கில் இறங்கியது.

"நிறுத்து!"

டாக்டரம்மாவின் குரலில் எல்லாரும் திடுக்கிட்டார்கள். மாப்பிள்ளைகூட மெல்லுவதை நிறுத்தினான்.

"ஐயோ, நான் இவன் வேலை செய்யறதைப் பார்த்ததே இல்லையே! ஆஸ்பத்திரியில வச்சே பார்த்துட்டேனே!" ஓடி வந்து மண்டியிட்டார். "எது எது படுது பாரு. முன்னங்கால். விரலிடுக்கு. தாடை. உதடு. பின்னங்கால் படவே இல்லை." டவலை எடுத்து மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே நிமிர்ந்தார். "இது என்ன வாசனை?"

நோட்டக்காவுக்கு உடனே புரியவில்லை. "சுத்தமாத் துவைச்சது டாக்டர். தினமும் வீட்ல துவைக்கறேன்."

"எதுல?"

"சோப்புத்தூள். அப்புறம்… துணி மெத்துனு ஆகறதுக்கு ஒரு நீல பாட்டில். மெஷின் வாங்கினப்ப கூடவே வந்துச்சு. வாசனையா இருக்குன்னு அதையே தொடர்ந்து வாங்கறேன்."

"மெஷின் எப்ப வாங்கினே?"

வாய் பதில் சொல்வதற்குள் கை உடம்பு நோட்டைப் புரட்டியது. எழுதாமல் விட்டிருப்பாளா அவள்? இருந்தது. அவள் கையெழுத்திலேயே இருந்தது. 'அரை நாள் விடுப்பு. வீட்டுக்குப் புது மெஷின் வருகிறது.' நான்கு பக்கம் தள்ளி, இருபத்திரண்டு நாள் கழித்து: 'வலது முன்னங்காலை நக்குகிறான். காலை ஆறு பத்து.'

நான்கு பக்கம். ஆறு மாதமாக நான்கு பக்கம்தான் இடைவெளி.

டாக்டரம்மா வேலை நோட்டை இழுத்துப் பக்கத்தில் வைத்தார். பிடி ஒன்று, மறுநாள் சிவப்பு. பிடி இல்லாத ஞாயிறு, திங்கள், கொஞ்சம் அடக்கம். நான்கு பிடி வாரம், சனிக்கிழமை ரத்தம். விரல் ஒரு நோட்டிலிருந்து இன்னொரு நோட்டுக்குத் தாவத் தாவ, நோட்டக்காவின் முகத்தில் ரத்தம் வற்றிக்கொண்டே போனது.

அவன் எவ்வளவு நன்றாக வேலை செய்தானோ அவ்வளவுக்குப் புண். ஒவ்வொரு புண்ணையும் அவள் கையால் வீசியிருக்கிறாள். தட்டை மாற்றினாள், தரையை மாற்றினாள், சமையல்காரரையே மாற்றினாள். தன் இடுப்புப் பையை மட்டும் ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை.

சூப்பிரண்டு பேனாவோடு காத்திருந்தார். "அப்ப அந்தச் சமையல்காரர் விஷயம்?"

சும்மா இருந்தால் இந்தக் கேள்வி கடந்து போய்விடும். மீன் இருந்தது உண்மைதானே.

"அது என் தப்பு சார்" என்றாள். "புகார் நான் எழுதினது. புண்ணும் நான் பண்ணினது. ரெண்டும் நான்தான்."



"சந்தேகம்தான், நிரூபணம் இல்லை" என்றார் டாக்டரம்மா. "மூணு வாரம் கொடுங்க சார்."

சூப்பிரண்டு மாப்பிள்ளையைப் பார்த்தார். பதினேழாவது பெட்டியைப் பார்த்தார். பேனாவை மூடினார். "மூணே வாரம்."

அன்று முதல் டவல் வீட்டுக்குப் போகவில்லை. புது டவல் வாங்கி, சோப்புகூடப் போடாமல் வெந்நீரில் ஏழு முறை அலசி, வெயிலில் உலர்த்தி, அதுதான் சம்பளம். அவள் சீருடையும் வெறும் தண்ணீரில் அலசியதுதான். வீட்டுக்காரர் நீல பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாள் என்னோட கைக்குட்டைக்கு இதை ஊத்தாம விட்டியே, என் புண்ணியம்" என்றார். அவள் அழுததைப் பார்த்துப் பதறி, பாட்டிலைக் குப்பைக் கூடையில் போட்டார். அவள் அதைத் திரும்ப எடுத்து வைத்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

நான்காம் நாள் நக்குவது குறைந்தது. ஒன்பதாம் நாள் புனலைக் கழற்றினார்கள். பதினான்காம் நாள் விரலிடுக்கில் பூனைமுடி போலப் புது முடி.

"ஆறிடுச்சு டாக்டர்! எழுதிக் கொடுத்துடுங்க!"

டாக்டரம்மா பாதத்தை நீவிப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷத்தோடு வேறு ஒன்றும் இருந்தது.

"போதாதும்மா. இந்த ரெண்டு வாரத்துல களிம்பும் போட்டோம். வெயிலும் தணிஞ்சிருக்கு. எதனால ஆறிச்சுன்னு கேட்டா நான் என்ன சொல்ல? அந்தப் பழைய டவலைப் பழையபடி துவைச்சு, ஒரு தடவை கொடுத்துப் பார்க்கணும்."

அவள் பின்னால் நகர்ந்தாள். "வேணும்னேவா?"

"வேணும்னேதான். ஒரே ஒரு தடவை. உடனே மருந்து போட்டுடலாம்."

"என்னால முடியாது டாக்டர். வேற யாராவது…"

"வேற யார்கிட்டயும் வாங்க மாட்டான்னு நீதானே எழுதியிருக்கே?" குரல் தணிந்தது. "சித்தப்பா மேல புகார் உன் எழுத்துல இருக்கு. அதை அழிக்கணும்னா 'நினைக்கிறேன்'னு எழுதினா பத்தாது. 'இதுதான்'னு எழுதணும்."

அடுத்த நாள் காலை அவள் பழைய டவலை வீட்டிலிருந்து கொண்டு வந்தாள். ஒன்றரை மூடி ஊற்றித் துவைத்தது. பேருந்தில் வரும்போது பக்கத்தில் இருந்த அம்மா, "நல்ல வாசனையா இருக்கே, என்ன போடறீங்க?" என்று கேட்டார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாப்பிள்ளை பெட்டியைக் கண்டுபிடித்தான். உட்கார்ந்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். எங்கே என் சம்பளம் என்கிற பார்வை.

கை எழவில்லை.

வீசினாள்.

அவன் துள்ளிப் பிடித்தான். பழைய நண்பனைக் கண்டவன் மாதிரி இரண்டு காலாலும் கட்டிக்கொண்டு, புரண்டு, மல்லாந்து, உறுமி விளையாடினான். அவள் பக்கம் தள்ளிக் கொண்டுவந்து, இழு என்றான். இழுத்தாள். அந்தப் பத்து நிமிடத்தில் அவனுக்கு இருந்த சந்தோஷத்தைப் போல ஒன்றை அவள் பார்த்ததில்லை. ஆறு மாதமும் இப்படித்தான் இருந்திருக்கிறான். அவள்தான் அதை ஒரு சந்தேகமும் இல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கூண்டைத் திறந்தாள். மாப்பிள்ளை வலது முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தான். விரலிடுக்கு செக்கச்செவேலென்று கிடந்தது.

தெரிந்ததுதான். எதிர்பார்த்ததுதான். ஆனாலும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நோட்டைத் திறந்து எழுதினாள். 'காலை ஆறு. இதுதான்.' கையெழுத்துப் போட்டாள். நீல பாட்டிலை அன்றுதான் குப்பையில் போட்டாள்.

மாப்பிள்ளைக்கு மருந்து போட்டார்கள், ஐந்து நாளில் தணிந்தது. சூப்பிரண்டு மாப்பிள்ளையின் ஓய்வுத் தாளைக் கிழித்தார், சித்தப்பாவின் மாறுதல் தாளையும் கிழித்தார். முதல் தாளைக் கிழித்தபோது அவளுக்கு உயிர் வந்தது. இரண்டாவதைக் கிழித்தபோது, இனிமேல்தான் கஷ்டமான வேலை இருக்கிறது என்று புரிந்தது.

சரக்கு வாசலில் லாரிப் புழுதிக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார் சித்தப்பா. மடியில் ஒரு நீள நோட்டு.

"வாம்மா. பார்த்தியா, கடைசியில என்னையும் நோட்டுல எழுத வச்சுட்டே."

"சித்தப்பா, நான்…"

"டாக்டரம்மா சொன்னாங்க. பையன் கால் எப்படி இருக்கு?"

"ஆறிடுச்சு." மன்னிப்புக் கேட்கத் தயாராக்கி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கோ போய்விட்டன. "தப்புப் பண்ணிட்டேன் சித்தப்பா. திட்டுங்க."

"திட்டிட்டேன். முதல் ரெண்டு வாரம் ஒவ்வொரு லாரி நம்பரோடயும் சேர்த்துத் திட்டினேன். இப்ப தீர்ந்துபோச்சு."

"ஆனா ஏன் வாயைத் திறக்கலை? அவனுக்குக் கொடுக்கலை, நீங்களும் சாப்பிடலை. அப்ப யாருக்குத்தான் அந்த மீன்?"

சித்தப்பா இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "ஸ்டோருக்குப் பின்னால பழைய கூண்டெல்லாம் அடுக்கி வச்சிருக்கே? அதுக்குள்ள ஒரு பூனை இருக்கு."

"என்னது?"

"பூனை. குட்டி மூணு."

"நாய்ப் பிரிவுலயா!"

"கத்தாதேம்மா! நாய்ப் பிரிவுல பூனை வளர்க்கறேன்னு நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது? அன்னிக்கே சூப்பிரண்டு ஆள் விட்டுச் சாக்குல கட்டியிருப்பாரு. அப்ப குட்டிங்க கண்ணுகூடத் திறக்கலை."

அவளுக்கு வாய் பிளந்தது பிளந்தபடி நின்றது. "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருப்பேன்" என்றார் சித்தப்பா. "நீ எழுதியிருப்பே."

எழுதியிருப்பாள். நேரம் போட்டு எழுதியிருப்பாள்.

சித்தப்பா சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "திங்கக்கிழமைதான் என்னை அடுப்படிக்கு விடறாங்க. இத்தனை நாளும் சாப்பாட்டு நேரத்துல சுவரேறிக் குதிச்சேன். முழங்கால் விட்டுப்போச்சு. முள் எடுத்தாச்சு, அப்படியே வச்சுட்டு வா."

"டாக்டரம்மாகிட்ட மட்டும் சொல்லியாகணும் சித்தப்பா. பூனை முடியும் அவனுக்கு ஆகுதா இல்லையான்னு பார்க்கணும்."

"சொல்லு. அந்த அம்மா நோட்டு வச்சுக்கிறதில்லை."

பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினாள். மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஸ்டோர் பக்கம் நடந்தாள். நொண்டல் இல்லாத நடை. மூலை திரும்பியதும், அடுக்கி வைத்த கூண்டுகளுக்கு எதிரே, எப்போதும் போலச் சப்பென்று உட்கார்ந்துவிட்டான்.

பிடிவாதம் என்று ஏழு தடவை எழுதியது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

பதினோரு மூக்குக்கும் தெரிந்திருக்கிறது. சோபாவின் காலுக்குள் ஒளித்ததையே கண்டுபிடிக்கிற மூக்குகள். ஒன்றுகூடக் குரைத்துக் காட்டிக்கொடுக்கவில்லை. இவன் ஒருவன்தான் ஏழு தடவை முறையாக உட்கார்ந்து தகவல் சொல்லியிருக்கிறான். ஏழு தடவையும் அவள் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

கூண்டு இடுக்கில் இரண்டு பச்சைக் கண்கள் மின்னின. அவள் எட்டி, பொட்டலத்தைப் பிரித்து உள்ளே தள்ளினாள். கையைக் கால்சட்டையில் அழுத்தித் துடைத்தாள். மாப்பிள்ளை அசையவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கேட்கிற உரிமை இருக்கிறவன் பார்க்கிற பார்வை.

நோட்டு அக்குளில்தான் இருந்தது. அவள் அதைத் திறக்கவில்லை. இடுப்புப் பையில் கை விட்டு, வாசனையே இல்லாத அந்த வெறும் டவலை எடுத்து, அவனுக்கு வீசினாள்.